டைப் 1-ஆ, டைப் 2-ஆ? வயதையும் ஊசியையும் வைத்து முடிவு செய்யாதீர்கள்

மும்பையில் தாராவியிலோ செம்பூரிலோ நம்மவர்கள் நாலு பேர் கூடினால் சர்க்கரை நோய்ப் பேச்சு வராமல் இருக்காது. அதில் இரண்டு கணக்குகள் தவறாமல் வந்துவிழும். "மாத்திரைன்னா டைப் 2, ஊசின்னா டைப் 1." "சின்ன வயசுல வந்தா டைப் 1, பெரிய வயசுல வந்தா டைப் 2." இரண்டையும் நம்பி யாரும் முடிவெடுக்கக் கூடாது.

இரண்டிலும் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. ஏறும் காரணம்தான் வேறு. டைப் 1-இல் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைத் தாக்கி அழித்துவிடுகிறது. இன்சுலின் சுரப்பது கிட்டத்தட்ட நின்றே போகிறது. பிள்ளை மிட்டாய் தின்றதால் வந்தது என்று தாயைக் குறை சொல்வது அநியாயம். டைப் 2-இல் இன்சுலின் சுரக்கிறது, ஆனால் தசையும் கல்லீரலும் அதற்குச் சரியாக மசிவதில்லை. ஈடுகட்டக் கூடுதலாகச் சுரந்து சுரந்து, வருடங்கள் போகப்போகக் கணையம் தளர்கிறது. அந்தக் கட்டத்தில் டைப் 2 உள்ளவருக்கும் ஊசி வேண்டியிருக்கும். ஊசி போட்டுக்கொள்வதால் அவர் டைப் 1 ஆகிவிடுவதில்லை.

வெறும் வயிற்றில் 126, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனை) 6.5 சதவீதம் என்று சர்க்கரை நோயை உறுதிசெய்யும் எல்லைகள் இரண்டு வகைக்கும் பொது. ஆகவே ரிப்போர்ட்டில் உள்ள சர்க்கரை அளவு எந்த வகை என்று சொல்லாது.

குழந்தைகள் விஷயத்தில் தாமதம்தான் ஆபத்து. படுக்கையில் சிறுநீர் போவதை நிறுத்திய பிள்ளை மறுபடி நனைக்கிறது, தண்ணீர் பாட்டில் பாட்டிலாகக் குடிக்கிறது, நன்றாகச் சாப்பிட்டும் சில வாரங்களில் இளைக்கிறது என்றால் அன்றைக்கே விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பாருங்கள். அடுத்த கட்டத்தில் வாந்தி, வயிற்று வலி, ஆழமான வேக மூச்சு, வாயில் பழ வாடை வரும். இன்சுலின் இல்லாத உடல் கொழுப்பை எரிக்கிறது. அதில் உருவாகும் கீட்டோன்கள் ரத்தத்தை அமிலமாக்குகின்றன. மும்பை மழைக்காலத்தில் இதை வயிற்றுப்போக்குக் காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை கொடுத்து வீட்டிலேயே வைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பெரியவர்களிடம் குழப்பம் வேறு மாதிரி. டைப் 1 எந்த வயதிலும் வரும். ஒல்லியான முப்பத்தைந்து வயதுக்காரர், மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போயும் சர்க்கரை இறங்கவில்லை, எடை குறைகிறது என்றால், ஜிஏடி ஆன்டிபாடியும் (பீட்டா செல்கள் தாக்கப்படுவதைக் காட்டும் ரத்தச் சோதனை) சி-பெப்டைடும் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆன்டிபாடி இருந்தால் டைப் 1 பக்கம் சாய்கிறது. சி-பெப்டைடு, கணையம் இன்னும் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும். கழுத்தின் பின்புறமும் அக்குளும் வெல்வெட் போலக் கறுத்துத் தடித்திருந்தால், அது தேய்த்துக் குளித்தால் போகும் அழுக்கு அல்ல. டைப் 2-க்கு அடித்தளமான இன்சுலின் எதிர்ப்பின் அடையாளம். நம்மவர்களில் ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரும் பெண்ணுக்கு 80-உம் தாண்டினாலே கவனிக்க வேண்டும். பார்வைக்குக் குண்டாகத் தெரிய வேண்டிய அவசியமில்லை.

டைப் 1-இல் இன்சுலின் தொடங்கிய சில வாரங்களில் தேவை வெகுவாகக் குறையலாம். மிச்சமிருக்கும் செல்கள் கொஞ்ச காலம் தேறுவதால் வருவது இது. "குணமாயிடுச்சு" என்று ஊசியை நிறுத்தி நாட்டு மருந்துக்கு மாறும் குடும்பங்கள் ஏமாறுவது இங்கேதான். சில மாதங்களில் தேவை திரும்ப ஏறும். டைப் 1-இல் காய்ச்சல் வந்து சாப்பிடாத நாளிலும் அடிப்படை இன்சுலினை (நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் ஊசி) நிறுத்தக் கூடாது. அளவை மட்டும் டாக்டரிடம் கேட்டு மாற்றலாம்.

மெடிக்கலில் சிரிஞ்ச் வாங்கும்போது மூடியின் நிறத்தைப் பாருங்கள். நம் நாட்டில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். இன்சுலின் பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் மில்லிக்கு 100 யூனிட்; 100 யூனிட் சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட் மட்டுமே. பேனா பழுதாகி, கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை உறிஞ்சினால் 50 யூனிட் போய்விடும். இது ஆளை மயக்கத்தில் தள்ளும் அளவு.

சர்க்கரை 70-க்குக் கீழே போய், வியர்வையும் கை நடுக்கமும் வந்தால், விழுங்க முடிகிறவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துச் சோதித்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். கூட்டமான லோக்கல் ரயிலில் இறங்கி வாங்க வழியிருக்காது. இன்சுலின் போடுகிறவர் சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும்.

திருநெல்வேலிக்கு ரயில் ஏறினால் ஒரு நாளுக்கு மேல் பயணம். பெட்டியை சீட்டுக்கு அடியில் தள்ளினாலும் இன்சுலின் கைப்பையில் உங்களோடு இருக்க வேண்டும். திறந்த குப்பி 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் நான்கு வாரம் தாங்கும். மே மாத வெயிலில் வாய் அகன்ற பிளாஸ்க்கில், துணி சுற்றி வையுங்கள். ஐஸ்கட்டி மேல் நேரடியாக வைத்து உறைந்துவிட்டால், அது உருகிப் பழையபடி தெளிவாகத் தெரிந்தாலும் போட்டுக்கொள்ளாமல் தூக்கிப் போடுங்கள்.