மாட்ரிட் – லிஸ்பன்: இருபது நிமிடத்தில் ஒரு விமானப் பயணம்

மாட்ரிட்டில் காலை 10 மணிக்கு விமானம் ஏறினால் 10.20-க்கு லிஸ்பனில் இறங்கலாம் என்று டிக்கெட்டில் போட்டிருக்கும். அச்சுப் பிழை இல்லை. போர்ச்சுகல் நேரம் ஸ்பெயினைவிட ஒரு மணி நேரம் பின்னால். உண்மையான பயண நேரம் ஒன்றேகால் மணிக்குச் சற்றுக் கூடுதல். தூரம் நேர்கோட்டில் சுமார் 500 கிலோமீட்டர். இத்தனைக்கும் மாட்ரிட்டும் லண்டனின் கிரீன்விச்சுக்கு மேற்கேதான் இருக்கிறது, சூரியக் கணக்குப்படி லண்டன் நேரம்தான் பொருந்தும். ஆனால் 1940-இல் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தது, ஸ்பெயின் இன்றுவரை அதிலேயே ஓடுகிறது. திரும்பி வரும்போது அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுத்துவிட வேண்டும்: மாலை 6 மணிக்கு ஏறினால் இறங்க இரவு 8.20.

எனக்கு ரயிலில் போகத்தான் ஆசை. இரண்டும் தலைநகரங்கள், நடுவில் கடல் இல்லை, தங்களுக்குள் எல்லைச் சோதனையைக் கைவிட்ட ஷெங்கன் நாடுகள் என்பதால் பாஸ்போர்ட்டில் முத்திரையும் கிடையாது. ஆனால் நேரடி ரயில் இல்லை! லூசித்தானியா என்று ஒரு இரவு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. 2020 மார்ச்சில் கொரோனா காலத்தில் நிறுத்தியதோடு சரி. பகலில் போவதென்றால் ஸ்பெயின் எல்லையோர ஊரான பதாஹோஸிலும் போர்ச்சுகலின் என்ட்ரோன்காமென்டோவிலும் இறங்கி ஏறி, ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் ஆகும். சாலை வழியே 620 கிலோமீட்டருக்கு மேல், பஸ்ஸில் எட்டு மணி நேரம். இதே மாட்ரிட்டிலிருந்து கிட்டத்தட்ட அதே தூரமுள்ள பார்சிலோனாவுக்கு அதிவேக ரயில் இரண்டரை மணி நேரத்தில் கொண்டுபோய் விடுகிறது. லிஸ்பனுக்கும் அப்படி ஒன்று வந்தால், இந்த வழியில் நான் விமானத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்.

அதுவரை விமானம்தான். மாட்ரிட்டின் பராஹாஸ் விமான நிலையத்தின் நான்காம் டெர்மினலில் கொஞ்ச நேரம் சும்மா நடந்தேன். மூங்கில் பட்டைகள் பதித்த கூரை அலை அலையாகப் போகிறது. அதைத் தாங்கும் தூண்கள் ஒரு கோடியில் நீலம். நடக்க நடக்கப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மாறி மறு கோடியில் சிவப்பு. பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் ரோஜர்ஸின் வடிவமைப்பு, 2006-இல் திறந்தது.

ஜன்னலோர இருக்கை கேட்பதானால் இடப்பக்கம் கேளுங்கள். லிஸ்பனில் பெரும்பாலும் வடக்கிலிருந்து காற்று அடிக்கும். அதனால் விமானம் டேகஸ் ஆற்றுக்குத் தெற்கே போய்த் திரும்பி, ஆற்றைக் கடந்து ஊருக்கு மேலேயே தாழ்ந்து வரும். ஸ்பெயினில் டொலேடோவைச் சுற்றி வளைந்து போகிறதே, அதே ஆறு இங்கே கடல் மாதிரி விரிந்து கிடக்கிறது. இடதுபுறம் சிவப்பு நிற ஏப்ரல் 25 பாலம், அக்கரையில் கை விரித்து நிற்கும் கிறிஸ்து சிலை. அப்புறம் ஓட்டுக் கூரைகள், மாடியில் காயும் துணிகள்கூடக் கண்ணுக்குத் தெரியும் உயரம். வலப்பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு 1998-இல் திறந்த, அணுகுசாலைகளோடு சேர்த்து 17 கிலோமீட்டர் நீளமுள்ள வாஸ்கோ ட காமா பாலம் கிடைக்கும்.

விமானம் பறக்கும் நேரத்தை மட்டும் வைத்துத் திட்டம் போடாதீர்கள். இரண்டு பக்கமும் மெட்ரோ, பாதுகாப்புச் சோதனை, காத்திருப்பு எல்லாம் சேர்ந்தால் அறை வாசலிலிருந்து அறை வாசலுக்கு நாலரை மணி நேரம் ஆகும். முத்திரை இல்லையென்றாலும் விமானத்தில் ஏறும்போது பாஸ்போர்ட் கேட்கலாம், கையிலேயே வைத்திருங்கள். லிஸ்பன் விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருப்பது பெரிய சௌகரியம்: சிவப்புப் பாதை மெட்ரோவில் ஏறி அலமேடாவில் பச்சைப் பாதைக்கு மாறினால் ஊர் நடுவிலுள்ள ரோசியோ சதுக்கத்திலேயே இறங்கலாம்.