சேவ் ஸ்டேட் கிடையாது: ஓர் அக்டோபர் நாட்குறிப்பு

அக்டோபர் 4, சனி

இந்த மாதம் பெரிய பெயர்கள் வேண்டாம் என்று, பழைய திகில் வீடியோ கேம்கள் ஆடும் எங்கள் குழுவில் முடிவாகிவிட்டது. ரெசிடென்ட் ஈவில், சைலன்ட் ஹில் பற்றியெல்லாம் பேசித் தீர்த்தாயிற்று. அவற்றுக்கு முன்னால் வந்தவை, பிறந்த நாட்டைத் தாண்டாதவை, கிறுக்குத்தனம் என்று ஒதுக்கப்பட்டவை, இவற்றை மட்டும் எடுப்போம். ஒருவர் ஆடுவார், மற்றவர்கள் அவர் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே பேசுவோம்.

முதலில் ஸ்வீட் ஹோம். கேப்காம் நிறுவனம், 1989 டிசம்பர், நின்டெண்டோவின் ஃபேமிகாம் கன்சோல். இயக்கியவர் டோக்குரோ ஃபுஜிவாரா. ஜப்பானுக்கு வெளியே முறைப்படி வந்ததே இல்லை; எங்களிடம் இருப்பது ரசிகர்கள் உட்கார்ந்து மொழிபெயர்த்து கேமின்மேல் ஒட்டிய பேட்ச். 1996இல் வந்த ரெசிடென்ட் ஈவில் இதைத் திரும்பச் செய்யும் யோசனையில்தான் தொடங்கியது, அதன் தயாரிப்பாளரும் இதே ஃபுஜிவாரா. கதவு மெதுவாகத் திறக்கும் காட்சி, பையில் இடமில்லாத தவிப்பு, சுவரில் கிடக்கும் எச்சரிக்கைகள், எல்லாமே இந்த எட்டு பிட் மாளிகையில் ஏற்கெனவே இருக்கின்றன.

ஐந்து பேர் உள்ளே போகிறார்கள். ஒருவரிடம் லைட்டர், ஒருவரிடம் மருந்துப் பெட்டி, ஒருவரிடம் கேமரா, ஒருவரிடம் வாக்யூம் கிளீனர், ஒருவரிடம் சாவி. ஒரு அணியில் மூன்று பேருக்கு மேல் சேர முடியாது. அதனால் எப்போதும் பிரிந்துதான் நடக்கவேண்டும். சண்டையில் மாட்டிக்கொண்டால் மற்ற அணியைக் கூப்பிடலாம், ஆனால் அவர்கள் மாயமாக வந்து குதிக்க மாட்டார்கள். நாமே அவர்களை நடத்தி, அறை அறையாகத் தாண்டி, அந்த இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். இன்றைக்கு அதுதான் நடந்தது. ஐவரில் ஒருத்தியான அகிகோ அடிவாங்கிக்கொண்டிருக்க, இன்னொருவனான காஸுவோவை நடைவழியில் ஓட்டிக்கொண்டு போனேன். வழியில் அவனுக்கும் ஒரு சண்டை. ஸ்கிரீனில் தெரிவது சின்னச் சின்னக் கட்டங்கள்தான், ஆனால் என் கட்டைவிரல் வியர்த்து பட்டனில் வழுக்கியது.

போய்ச் சேர்வதற்குள் அகிகோ போய்விட்டாள். இந்த கேமில் செத்தவர் திரும்ப வர மாட்டார். கடைசிவரை அந்த இடம் காலிதான்.

அக்டோபர் 5, ஞாயிறு

குழுவில் இளையவன், எல்லோருக்கும் தம்பி, காலையிலேயே கேட்டுவிட்டான். "அண்ணா, சண்டைக்கு முன்னாடி ஒரு சேவ் ஸ்டேட் போட்டிருந்தா அகிகோ பிழைச்சிருப்பால்ல?"

பிழைத்திருப்பாள். ஆனால் நேற்றைக்கு நாங்கள் அத்தனை பேரும் வாயடைத்துப் போயிருக்க மாட்டோம். ஸ்வீட் ஹோம் தானே எங்கே வேண்டுமானாலும் சேமிக்க விடுகிறது. அதை நான் தாராளமாகப் பயன்படுத்துகிறேன். அது கேம் கொடுத்த சலுகை. எமுலேட்டர், அதாவது பழைய கன்சோலைப் போல நடித்து கேமை ஓட்டும் மென்பொருள், கொடுக்கும் சேவ் ஸ்டேட் வேறு விஷயம்; ஆட்டத்தை எந்த நொடியிலும் உறைய வைத்து அங்கேயே திரும்பலாம். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் காலத்தைப் பின்னுக்கு இழுத்தால் ஃபுஜிவாரா செய்த கேம் அதுவல்ல.

குழுவில் நாங்கள் அக்கா என்று கூப்பிடுபவர் தம்பி பக்கம். "எனக்கு ராத்திரி கிடைக்குற நேரமே கொஞ்சம். செத்துச் செத்து ஆட முடியாதுப்பா" என்றார். அதுவும் நியாயம்தான். தீர்ப்பு சொல்லாமல் விட்டோம்.

அகிகோ இல்லாமல் ஆட்டம் போகிறது. அவளுடைய வேலையைச் செய்யும் மாற்றுப் பொருட்கள் மாளிகையில் கிடைக்கின்றன, ஆனால் அவை பையில் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. இல்லாதவருடைய சுமையை இருப்பவர்கள் சுமக்க வேண்டியிருக்கிறது. எத்தனை பேர் உயிரோடு வெளியே வருகிறோம் என்பதைப் பொறுத்து முடிவும் மாறும்.

அக்டோபர் 8, புதன்

வார நாள், அரைமணி நேரம்தான். அதற்கேற்ற கேம்: 3டி மான்ஸ்டர் மேஸ். இசட்எக்ஸ்81 கணினிக்காக மால்கம் எவன்ஸ் எழுதியது, 1982இல் விற்பனைக்கு வந்தது. அந்தக் கணினியில் சொந்தமாக இருந்தது 1 கேபி நினைவகம். 16 கேபி கூடுதல் பெட்டியை முதுகில் செருகினால்தான் இது ஓடும். நிறம் இல்லை. சத்தம் இல்லவே இல்லை.

ஒரு புதிர்ப்பாதை, உள்ளே ஒரு டைனோசர், தப்பிக்க ஒரு வாசல். அடியில் ஒரு வரி மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். ரெக்ஸ் பதுங்கிக் கிடக்கிறது. உன்னைத் தேடுகிறது. காலடிச் சத்தம் நெருங்குகிறது. ரெக்ஸ் உன்னைப் பார்த்துவிட்டது. அந்தக் கடைசி வரி வந்ததும் திரும்பிப் பார்ப்பதா, ஓடுவதா? திரும்பினால் அது எதிரே நிற்கிறது. கறுப்புக் கட்டங்களால் ஆன தலை ஒவ்வொரு அடிக்கும் பெரிதாகிறது. "காலடிச் சத்தம்" என்று எழுத்தில் படிக்கும்போது, சத்தமே இல்லாத கணினியில், எனக்குக் காதில் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. பிடிபட்டால் என்றென்றைக்கும் அந்தப் பாதையிலேயே அலையும்படி தண்டனை விதிக்கிறது.

தம்பிக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. சேவ் ஸ்டேட் என்ற பேச்சே எடுக்கவில்லை. தோற்றால் அடுத்த நொடி புதுப் பாதை, மறுபடி ஓட்டம்.

அக்டோபர் 11, சனி

டி. ஒற்றை எழுத்துதான் கேமின் பெயர். இதற்காகத்தான் சனிக்கிழமை வரை காத்திருந்தோம்.

1995, 3டிஓ கன்சோல், வார்ப் நிறுவனம், கென்ஜி ஈனோ. லாரா ஹாரிஸ் என்ற பெண். அவள் அப்பா மருத்துவமனையில் பலரைக் கொன்றுவிட்டு உள்ளேயே இருக்கிறார். அவரைத் தேடிப் போனவள் ஒரு கோட்டைக்குள் போய் விழுகிறாள். இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், நிஜக் கடிகாரத்தில் இரண்டு மணி நேரம். சேமிக்க முடியாது. நிறுத்தி வைக்கவும் முடியாது. கதவு தட்டினாலும் போன் அடித்தாலும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

லாரா நடக்கும் வேகத்தைச் சொல்லியே ஆகவேண்டும். ஒரு கதவை நோக்கிக் கேமரா மெதுவாக நகர்கிறது, நிற்கிறது, கை நீள்கிறது, பிடியைத் தொடுகிறது. பூட்டியிருக்கிறது. திரும்புகிறாள், அதுவும் மெதுவாக. நேரம் போகிறதே என்று நமக்குப் பதறுகிறது, அவளுக்கு அவசரமே இல்லை. பழைய கணினியில் முன்கூட்டியே வரைந்து வைத்த வீடியோ என்பதால் இந்த வேகம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. இரண்டு மணி நேர விதியோடு சேர்த்துப் பாருங்கள். விரும்பிச் செய்தாரோ வேறு வழியில்லாமல் செய்தாரோ, அந்த மெதுநடைதான் பயத்தின் பாதி.

கையில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது. திறந்து பார்த்தால் துப்பு காட்டும், மூன்று முறைதான். அக்கா ஆடினார். முதல் துப்பைச் சீக்கிரமே எடுத்தார். மூன்றாவதைக் கடைசிவரை எடுக்காமல் வைத்திருந்தார். "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

ஈனோ பற்றிய கதை ஒன்று இந்த கேமைப் பேசும் எல்லோருக்கும் தெரியும், அவரே சொன்னது. கதையில் மனித மாமிசம் தின்னும் பகுதி இருக்கிறது. அதை மேலே இருப்பவர்கள் விட மாட்டார்கள் என்று அந்தப் பகுதி இல்லாத பிரதியைக் காட்டி ஒப்புதல் வாங்கினார். அப்புறம் வேண்டுமென்றே தாமதித்தார். தாமதமானதால் மாஸ்டர் டிஸ்க்கைத் தானே அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டி வந்தது. விமானத்தில் டிஸ்க்கை மாற்றிவிட்டார். தன் குழுவில் இருந்தவர்களுக்குக்கூட அந்தப் பகுதி பற்றிச் சொல்லவில்லையாம். 2013இல், 42 வயதில் இறந்துபோனார். இன்னும் இருபது வருடம் இருந்திருந்தால் என்னென்ன செய்திருப்பார் என்று நினைக்காமல் இந்த கேமை என்னால் மூட முடிவதில்லை.

நேரம் தீருவதற்குள் அக்கா முடித்துவிட்டார். முடித்ததும் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இதுல மட்டும் சேவ் ஸ்டேட் போட்டிருந்தா எனக்கே என்மேல கோபம் வந்திருக்கும்."

அக்டோபர் 12, ஞாயிறு

நேற்றைய சூட்டோடு எனிமி ஜீரோ. 1996 டிசம்பர், செகா சாட்டர்ன், மறுபடியும் ஈனோ. விண்கலத்துக்குள் எதிரிகள், ஆனால் ஒருவரும் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். ஒலிதான் வழி. எதிரே இருந்தால் உயர்ந்த சுருதி, பக்கவாட்டில் இருந்தால் நடுச் சுருதி, பின்னால் இருந்தால் தாழ்ந்த சுருதி. நெருங்க நெருங்க ஒலி வேகமாகும். துப்பாக்கியைச் சுடுவதற்கு முன் சார்ஜ் ஏற்ற வேண்டும்; அதிக நேரம் பிடித்திருந்தால் அந்தச் சார்ஜும் வீணாகிவிடும். ஆக, காலியான நடைவழியைப் பார்த்துக்கொண்டு, காதை நம்பி, சரியான நொடியில் விரலை எடுக்க வேண்டும்.

எங்கள் நண்பர் ஒருவருக்கு ஒரு காதுதான் கேட்கும். இது தனக்குச் சரிப்படாது என்று ஒதுங்கி இருந்தார். அப்புறம் பார்த்தால் இந்த கேம் இடது வலது ஒலியை நம்பியே இல்லை, சுருதியைத்தான் நம்புகிறது. ஒரு காது போதும். அவர்தான் இன்றைக்கு எங்கள் எல்லோரையும் விட நன்றாக ஆடினார். "நடு... நடு... உச்சம்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே சுட்டார்.

சேமிக்கும் கருவியில் பேட்டரி இருக்கிறது. சேமித்தாலும் குறையும், திரும்ப எடுத்தாலும் குறையும். சேவ் ஸ்டேட் விவாதத்துக்கு ஈனோ அன்றைக்கே பதில் எழுதி வைத்த மாதிரி இருக்கிறது.

(இதற்கு அடுத்து 1997இல் அவர் படமே இல்லாத, ஒலியாலேயே ஆன ஒரு கேம் செய்தார், ரியல் சவுண்ட். பார்வையற்றவர்களும் எல்லோரையும் போல ஆட வேண்டும் என்பதற்காக. அது காதல் கதை, பேய் இல்லை. ஆனாலும் இங்கே குறித்து வைக்கத் தோன்றியது.)

அக்டோபர் 17, வெள்ளி

மான்ஸ்டர் பார்ட்டி, 1989, நின்டெண்டோ. பேஸ்பால் மட்டையோடு ஒரு பையன். முதல் கட்டம் பாதிவரை குழந்தைகள் கேம் போலச் சிரித்த முகங்கள். ஒரு மரத்தைத் தாண்டியதும் எல்லாம் கிழிந்து ரத்தம் வடிகிறது. ஒரு பாஸ், அதாவது வழியை மறிக்கும் பெரிய எதிரி, நாம் போகும்போதே செத்துக் கிடக்கிறது, "மன்னிக்கணும், நான் செத்துட்டேன்" என்கிறது. இன்னொரு இடத்தில் ஆடும் பிணங்கள், "என் ஆட்டத்தைப் பார்" என்கின்றன. அடிக்கக் கூடாது, சும்மா நின்று பார்த்தால் போதும். இன்னொரு பாஸ் பொரித்த இறால்.

கிறுக்கு என்று சொல்லி நகர்வது சுலபம். பாஸ் என்றால் அடிக்க வேண்டும் என்ற பழக்கத்தை ஒரு குழந்தைகள் கேம் அன்றைக்கே இத்தனை தைரியமாக உடைத்திருக்கிறது. ரொம்ப மதிக்கிறேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

கிளாக் டவர். ஹியூமன் நிறுவனம், 1995 செப்டம்பர், சூப்பர் ஃபேமிகாம், இயக்கம் ஹிஃபூமி கோனோ. 2024 வரை ரசிகர்களின் மொழிபெயர்ப்பில்தான் வெளியுலகம் இதை ஆடியது.

நாம் ஆடும் பெண் ஜெனிஃபரால் சண்டை போட முடியாது. ஓடலாம், ஒளியலாம். மூலையில் அவள் முகம் தெரியும், பயம் ஏற ஏற அதன் பின்னணி நிறம் சிவப்பை நோக்கி மாறும். பதற்றம் அதிகமானால் ஓடும்போதே தடுக்கி விழுவாள். பெரிய கத்தரிக்கோலோடு துரத்தும் கத்தரிக்கோல்காரன் எங்கிருந்து வருவான் என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் வேறு. அறைகளின் இடமும் மாறும். முடிவுகளும் பல. தோழிகளை விட்டுவிட்டுக் காரில் ஏறிப் போகும் வழிகூட இருக்கிறது, அதற்கான முடிவும் காத்திருக்கிறது.

எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது அவள் நடையில். மாடிப்படியில் ஒவ்வொரு படியாக ஏறுகிறாள். தம்பி இந்த இடத்தில் எமுலேட்டரை வேகமாக ஓட்ட வேண்டும் என்றான். "சும்மா நடக்குறதுதானே, அண்ணா." அந்தப் படிகளில்தான் வெட்டும் சத்தம் வருமா வராதா என்று காது கூர்கிறது. படியை வேகப்படுத்தினால் அந்தக் காத்திருப்பு செத்துவிடும். சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை, வேகமாகவே ஓட்டினான். கொஞ்ச நேரத்தில் தானே பழைய வேகத்துக்கு வந்துவிட்டான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

இல்பிளீட். 2001, ட்ரீம்காஸ்ட், ஷின்யா நிஷிகாகி. ஒரு பேய்ப் பூங்கா. உயிரோடு வெளியே வந்தால் பெரும் பரிசு. பார்வை, செவி, மூக்கு, ஆறாம் அறிவு என்று நான்கு அளவிகள் மேலே துடித்துக்கொண்டிருக்கின்றன. எங்கே பொறி இருக்கிறது என்று அவற்றை வைத்து ஊகித்துக் குறி வைக்க வேண்டும், அதற்கு அட்ரினலின் செலவாகும். தவறான இடத்தில் குறி வைத்தால் வீண். திடுக்கிட்டால் நாடித்துடிப்பு ஏறும், அதனாலேயே சாகலாம். பயம் என்பதையே கணக்கு வழக்காக்கி ஆட்டக்காரர் கையில் கொடுத்த கேம் இது.

குரல் நடிப்பைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போகிறவர்கள்மீது எனக்கு வருத்தம் உண்டு. நிஷிகாகி 2004இல் மாரடைப்பில் இறந்தார். இதைப் போல இன்னொன்று வரவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

கடைசியாக எல்எஸ்டி: ட்ரீம் எமுலேட்டர், 1998, பிளேஸ்டேஷன், ஒசாமு சாட்டோ. வெளியிட்ட நிறுவனத்தின் ஊழியர் ஹிரோகோ நிஷிகாவா பல வருடம் எழுதி வைத்த கனவு நாட்குறிப்பிலிருந்து பிறந்தது. எதன்மேல் மோதினாலும் வேறு கனவுக்குப் போய்விடுவோம். ஒவ்வொரு கனவும் சில நிமிடங்களில் தானாக முடியும், முடிந்ததும் அது எந்த மனநிலை என்று ஒரு வரைபடத்தில் புள்ளி விழும். சாம்பல் நிற மனிதன் ஒருவன் எங்கோ நிற்பான், நம்மை நோக்கி நடப்பான், அவ்வளவுதான்.

இங்கே சேவ் ஸ்டேட் போட்டு என்ன பயன்? தோற்பதற்கே எதுவும் இல்லை. பழைய கனவுக்குத் திரும்பினால் அது அதே கனவாக இருக்கும், அதில் யாருக்கு ஆசை? அக்கா இதைத்தான் வெகுநேரம் பேசினார். கடைசியில் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் வந்தது: கேம் தன் விதியாகச் சேமிப்பை மறுத்திருந்தால் அதை மதிப்போம்; கன்சோலின் வசதிக்குறைவு என்றால் அவரவர் இஷ்டம்; உடம்பு ஒத்துழைக்காதவருக்கு எந்தத் தடையும் இல்லை. முதல் இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்பதில் இன்னும் சண்டை இருக்கிறது, கிளாக் டவர் படிக்கட்டு அதற்குள் வரும்.

நவம்பருக்கு ஹெல்நைட். அட்லஸ், 1998, டோக்கியோவுக்கு அடியில் ஒரு நிலத்தடி உலகம். துணைக்கு ஒருவர்தான் வருவார், துரத்தும் பிராணி முதலில் அவரை எடுக்கும், தனியாகிவிட்டால் அடுத்த அடி நமக்கு. தம்பி தானே ஆடுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டான், சாதாரண வேகத்தில். ஒரு காது நண்பர் பக்கத்தில் இருந்து காலடி கேட்டுச் சொல்வார். சனிக்கிழமை ராத்திரி தொடக்கம்.