பெரியப்பா வள்ளமும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும்

சுனாமிக்கு அப்புறம் எங்க பக்கம் எங்க பாத்தாலும் ஃபைபர் படகுதான், மரத்துல புதுசா கட்டுறவங்கள விரல் விட்டு எண்ணிடலாம். அதனால பெரியப்பா கொல்லையில கவுத்துப் போட்டிருந்த பழைய வள்ளத்தை திரும்ப தண்ணியில எறக்கப் போறோம்னதும் விறகுக் கடைக்குப் போட்டாலாவது நாலு காசு பாக்கலாம்னு ஊர்ல சிரிச்சாங்க. 2018 நவம்பர்ல கஜா புயல் வந்து தோப்புல தென்னையெல்லாம் சாஞ்சப்ப கூட இது மேல ஒரு மட்டை விழல, அதுக்காகவாச்சும் சரி பண்ணுங்கடான்னு பெரியம்மா சொன்னதுதான் ஆரம்பம்.

மரப் படகு கட்டுற ஓடாவி ஒருத்தரை பெரியப்பா தேடிக் கூட்டிட்டு வந்தாரு, நல்ல வயசு, ஆனா கை நடுங்கல. வந்தவரு டேப் எல்லாம் எடுக்கல, மரம் செதுக்குற வாச்சியோட பின்பக்கத்தால பலகை பலகையா தட்டிக்கிட்டே போனாரு, கணீர்னு கேட்டா அடுத்தது, டொப்புன்னு கேட்டா சாக்பீஸ்ல ஒரு கோடு. ஏரா, அதாவது அடியில நீளமா ஓடுற முதுகெலும்பு மரம், தப்பிச்சிடுச்சு. அடிப்பலகையிலதான் புழு துளைச்சு வச்சிருந்துச்சு, வெளிய பாத்தா ஊசி முனை அளவு ஓட்டை, வெட்டி எடுத்தா உள்ள விரல் போற அளவுக்கு சுரங்கம். உப்புத் தண்ணியில கெடக்குற மரத்துக்கு இதுதான் பெரிய எமன். உள்ள விலா எலும்பு மாதிரி பலகையைத் தாங்குற வங்கு ஒன்னு உடைஞ்சிருந்துச்சு, அதுக்கு பூவரசுல இயற்கையாவே வளைஞ்ச கிளையா பாத்து செதுக்கினாரு, நேர் மரத்த வளைச்சு வெட்டினா ரேகை அறுந்து அங்கயே முறியுமாம்.

எங்களுக்குக் கெடைச்ச வேலை கலப்பத்து, அதாவது தண்ணி புகாம பலகை இடுக்கை அடைக்கிறது. பழைய பஞ்சை நோண்டி எடுக்கணும், புதுப் பஞ்சை எண்ணெயில ஊற வச்சு திரியா முறுக்கி மொட்டை உளியால இடுக்குல அடிச்சு எறக்கணும், அதுக்கு மேல எண்ணெயில காய்ச்சுன குங்கிலியம்ங்குற மரப்பிசின். கேக்க ஈஸியா இருக்கும், தோள்பட்டை கழண்டு போயிடும். கடைசியா முந்திரிக்கொட்டை எண்ணெய், அது தோல்ல பட்டா வெந்துரும், அதனால அத்தை எல்லார் கையிலயும் தேங்காண்ணெய் தடவிவிட்டுதான் பிரஷ்ஷைக் குடுத்தாங்க. இவ்வளவு பண்ணியும் ஆத்துல எறக்குன அன்னைக்கு தண்ணி கசிஞ்சுச்சு! "பயப்படாத தம்பி, பலகை ஊறட்டும், தானா மூடிக்கும்"னாரு ஓடாவி. மூடிக்கிச்சு.

முத்துப்பேட்டை பக்கத்து ஜாம்புவானோடையில இருந்து கோரையாத்து வழியா தெக்கால போனா லகூன்ங்குற காயல், அதைத் தாண்டினா பாக் நீரிணை. அலையாத்திக் காட்டுப் பக்கம் போக வனத்துறை அனுமதி வேணும், வாங்கிட்டுத்தான் போனோம். அங்க பல இடத்துல இடுப்பளவு தண்ணிதான், இன்ஜின் போட்டா ஃபேன் சேத்தைக் கிளறும், கழி ஊனிப் போறதுதான் சுகம். சத்தம் இல்லாததால மடவை மீன் பக்கத்துலயே துள்ளுது, கூழைக்கடா நம்மள சட்டையே பண்றதில்ல. ஃபைபர் வேணாம்னு சொல்லல, கடல் தொழிலுக்கு அதுதான் லாயக்கு, ஆனா இந்த வாய்க்காலுக்கு மர வள்ளத்தை அடிச்சுக்க ஆளில்ல. கிளை ஒடிச்சு விளையாடப் போன தங்கச்சி கையை பெரியப்பா பட்டுன்னு தட்டிவிட்டாரு, அது தில்லை மரம், பால் கண்ணுல பட்டா பார்வையே போயிடும்னு.

திரும்பும்போது சோளகம்ங்குற தெக்கத்திக் காத்து பின்னாடி இருந்து தள்ளுச்சா, தம்பிக்கு உடனே பாய் கட்டணும்னு ஆசை வந்துடுச்சு. பழைய ஏரா, பாய்மரம் நட்டா தாங்காதுங்குறாரு பெரியப்பா. சின்னப் பாயா கட்டிப் பாக்கலாம்ங்குறான் அவன். ஓடாவிகிட்ட கேட்டா கடலை மிட்டாயைக் கடிச்சுக்கிட்டே "மொதல்ல சுக்கானை மாத்துங்க"ன்னுட்டுப் போயிட்டாரு, இப்ப சுக்கானுக்கு மரம் தேடிட்டு இருக்கோம்.