இரண்டாவது பழம்பொரி

கேரள எல்லையோரம், புளியரை தாண்டினதும் லாரி வரிசை. பஸ் அரை மணி நேரமாக நகரவில்லை.

அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் நீளமாக ஒரு பதில் அடித்துக்கொண்டிருந்தேன். தோப்பு விஷயம். பத்து வருசத்துக் கணக்கையும் கொட்டியாயிற்று. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அழுத்தப் போன கட்டைவிரல் கிடுகிடுவென்று ஆடியது. பின்கழுத்தில் வியர்வை, நெஞ்சில் படபடப்பு.

சரியான கோபம் என்றுதான் நினைத்தேன்.

ஒருவழியாக எஸ் வளைவு ஏறி ஆரியங்காவு. ஒரு சாயா, இரண்டு பழம்பொரி. இரண்டாவதில் பாதி தீர்வதற்குள் விரல் அடங்கிவிட்டது.

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் அட்ரினலின் சுரக்கும். கை நடுங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். மனசு அதற்கொரு காரணம் தேடும். எனக்கு அண்ணன் அகப்பட்டான்.

நடுங்குவதால்தான் பயப்படுகிறோம் என்று 1884-இல் வாதிட்டார் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ். முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன். தோப்புத் தகராறு ஒன்றும் பொய்யில்லை. ஆனால் தொல்காப்பியத்தில் அச்சம், வெகுளி எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ‘மெய்ப்பாடு’. மெய் என்றால் உடம்புதானே!

அடித்ததை அழித்துவிட்டு, “சாப்ட்டியாண்ணே?” என்று மட்டும் அனுப்பினேன்.

“இன்னும் இல்லடே. தோப்புலதான் நிக்கேன்.”