தம்பியின் பேலன்ஸ் மைனஸில் போன இரவு

என் தம்பிக்கு வேலை போய் நான்காவது மாதம் அது. இரவு பதினொன்றரை மணிக்குப் போன் செய்து, "அக்கா, கொஞ்சம் பணம் வேணும். நாளைக்கே திருப்பிக் கொடுத்துடறேன்" என்றான். கடன் கேட்கும் பழக்கமே இல்லாதவன். எதற்கு என்று கேட்டேன். "ஒரு டாஸ்க்கை முடிக்கணும். முடிச்சா மொத்தப் பணமும் கைக்கு வந்துடும்" என்றான்.

வேலையை முடிக்க வேலை செய்கிறவன் எதற்குப் பணம் கட்ட வேண்டும்? நாக்கு நுனி வரை வந்த கேள்வியை விழுங்கிக்கொண்டேன். கேட்டிருந்தால் போனை வைத்துவிட்டு வேறு யாரிடமாவது கடன் வாங்கியிருப்பான். "நேரில் வா, பேசிக்கலாம்" என்று மட்டும் சொன்னேன். வந்தான். கண் சிவந்திருந்தது. போனை வாங்கி, உரையாடலை முதல் செய்தியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். படித்து முடிக்க இரண்டு மணிநேரம் ஆனது. அந்த இரண்டு மணிநேரத்தில் நான் பார்த்ததை எழுதி வைக்க வேண்டும் என்று அப்போதே தோன்றிவிட்டது.

முதல் செய்தி மிகவும் மரியாதையாக இருந்தது. வேலைவாய்ப்புத் தளத்தில் உங்கள் விவரத்தைப் பார்த்தோம், பகுதிநேர வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம், விருப்பமா? அவன் விருப்பம் என்றதும் வேறொரு மெசேஜ் செயலிக்கு வரச் சொன்னார்கள். அங்கே "பயிற்சியாளர்" என்று ஒரு பெண். படத்தில் நல்ல உடை, நல்ல சிரிப்பு. ஒரு தளத்தில் ஓட்டல்களின் பெயர்கள் வரிசையாக வரும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், 40 அழுத்தினால் ஒரு செட். அதனால் அந்த ஓட்டல்களின் தரவரிசை உயருமாம். முதல் நாள் அவன் இரண்டு செட் முடித்தான். சம்பாதித்தது வங்கிக் கணக்கிலேயே வந்து விழுந்தது. சின்னத் தொகைதான், ஆனால் நிஜப் பணம்.

அந்தப் பணம்தான் எல்லாவற்றையும் செய்தது. அதற்கு முன்னால் அவனுக்கும் சந்தேகம் இருந்திருக்கிறது. "இது உண்மையான கம்பெனிதானா?" என்று அவனே கேட்ட செய்தி அங்கே இருந்தது. பணம் வந்த பிறகு அந்தக் கேள்வி மறுபடி வரவே இல்லை. மோசடி என்றால் பணம் வராது என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வரும். இந்த மாதிரி மோசடியில் முதலில் பெரும்பாலும் வரும். 1920-இல் பாஸ்டன் நகரத்தில் சார்லஸ் போன்ஸி என்பவர் 45 நாளில் 50 சதவீத லாபம் தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டினார். ஆரம்பத்தில் போட்டவர்களுக்குச் சொன்னபடியே கொடுத்தார். வெளிநாட்டுத் தபால் கூப்பன்களை வாங்கி விற்ற லாபம் என்று சொல்லிக்கொண்டார், ஆனால் கொடுத்ததெல்லாம் பின்னால் வந்தவர்கள் போட்ட பணம். வாங்கினவர்கள் ஊரெல்லாம் சொன்னார்கள், கூட்டம் வாசலில் வரிசை கட்டி நின்றது. சில மாதத்தில் எல்லாம் சரிந்தது. நூறு வருஷம் கழித்து என் தம்பிக்கு வந்த அந்தச் சின்னத் தொகையும் அனேகமாக, அவனுக்கு முன்னால் மாட்டிய யாரோ ஒருவரின் பணமாகத்தான் இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் 27-ஆவது பொத்தானை அழுத்தியபோது "வாழ்த்துகள், உங்களுக்கு காம்போ டாஸ்க் கிடைத்திருக்கிறது" என்று ஒரு பெட்டி திறந்தது. கமிஷன் ஆறு மடங்கு. ஆனால் அதன் "மதிப்பு" அவன் கணக்கில் இருந்ததைவிட அதிகம் என்பதால் பேலன்ஸ் மைனஸில் போய்விட்டது. சிவப்பு எழுத்தில் அந்த எண் நின்றது. அதைச் சரிக்கட்டும் அளவுக்கு அவன் பணம் போட்டால்தான் மீதி 13-ஐ முடிக்கலாம், முடித்தால்தான் மொத்தத்தையும் எடுக்கலாம். போட்டான். இன்னும் நாலு பொத்தான் தள்ளி அடுத்த காம்போ, இன்னும் பெரிய மைனஸ். அதையும் போட்டான். இப்படி ஐந்து முறை. கடைசித் தொகை, அவன் வேலையில் இருந்தபோது வாங்கிய மூன்று மாதச் சம்பளம். ஆறாவது மைனஸுக்குத்தான் என்னிடம் வந்திருந்தான்.

அந்தத் தளத்தைத் திறந்து காட்டினான். மேலே அவன் பெயர், அதற்குக் கீழே பெரிய எழுத்தில் "உங்கள் மொத்த வருமானம்". "இவ்வளவு இருக்கு அக்கா, இதை எப்படி விடறது?" என்றான். அவனுக்கு நான் புரியவைக்க வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: அது பணம் இல்லை. ஒரு வலைப்பக்கத்தில் யாரோ தட்டச்சு செய்த எண். அதை நடத்துகிறவர்கள் நினைத்தால் பக்கத்தில் இன்னும் இரண்டு பூஜ்யம் சேர்க்கலாம், மைனஸ் குறியும் போடலாம். அவன் போட்ட பணம் போட்ட அடுத்த நிமிஷமே வேறெங்கோ போய்விட்டது, திரையில் இருப்பது அதன் நிழல்கூட இல்லை. இதை நம்ப அவனுக்கு வெகுநேரம் ஆனது.

நம்பவைத்தது என் பேச்சு இல்லை, ஒரு சின்ன விஷயம். அவனைச் சேர்த்திருந்த குழுவில் ஆறேழு "சக ஊழியர்கள்". ஒருவர் மாற்றி ஒருவர், இன்று இவ்வளவு எடுத்தேன், நன்றி மேடம் என்று ஸ்கிரீன்ஷாட் போட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் ஒன்பது வருஷமாக வீட்டிலிருந்து ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கித் தரும் வேலை செய்கிறேன். சின்னச் சின்ன வித்தியாசங்களைக் கவனிப்பதுதான் என் பிழைப்பு. இரண்டு ஸ்கிரீன்ஷாட்டுகளை அடுத்தடுத்து பெரிதாக்கிப் பார்த்தேன். வேறு வேறு ஆள், வேறு வேறு தொகை. ஆனால் இரண்டிலும் மணி 3.12, பேட்டரி 47 சதவீதம், சிக்னல் கோடுகள்கூட அதே மூன்று. தம்பியிடம் ஒன்றும் சொல்லாமல் இரண்டையும் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம், "இவங்கதான் என்னைத் தைரியமா போடச் சொன்னாங்க" என்றான். அந்தக் குழுவில் நிஜமான மனிதன் அவன் ஒருவன் மட்டும்தான்.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை. அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனுக்கு 2020-இல் இந்த டாஸ்க் வகை மோசடி பற்றி ஒரு புகார்கூட வரவில்லை. 2023-இல் சுமார் 5,000. 2024-இன் முதல் ஆறு மாதத்தில் மட்டும் சுமார் 20,000. வெட்கத்தில் சொல்லாமல் இருப்பவர்களை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் வெளியிட்ட அறிக்கையில், மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் ஒரு லட்சம் பேரும் இப்படிப்பட்ட இணைய மோசடி வேலைகளில் கட்டாயப்படுத்தி வைக்கப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டிருந்தார்கள். அவர்களில் பலர் நல்ல வேலை என்ற விளம்பரத்தை நம்பிப் போனவர்கள். தம்பியிடம் இனிமையாகப் பேசிய அந்த "பயிற்சியாளர்" யார் என்று எனக்குத் தெரியாது. அவரும் அடைத்துவைக்கப்பட்ட ஒருவராக இருக்கலாம் என்று நினைக்கும்போது கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

விஷயம் தெரிந்ததும் உறவினர்கள் சொன்ன முதல் வார்த்தை "பேராசை பெருநஷ்டம்". எனக்கு இதைக் கேட்டால் இப்போதும் ஆத்திரம் வருகிறது. எது பேராசை? அவன் லாட்டரி வாங்கவில்லை. உட்கார்ந்து ஒரு நாளைக்கு 120 பொத்தான் அழுத்தினான். சொன்ன நேரத்துக்குச் சொன்னதைச் செய்தான். ஒப்புக்கொண்ட வேலையைப் பாதியில் விடக்கூடாது என்று நினைத்தான். உழைப்பாளிக்கென்றே பின்னிய வலை இது. பேராசைக்காரன் இரண்டாம் நாளே அலுத்துப் போயிருப்பான். போட்டதை மீட்க வேண்டும் என்றுதான் மேலும் மேலும் போட்டான், அதிகம் வேண்டும் என்று இல்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நடந்தால், அந்தப் பழமொழியைத் தயவுசெய்து அவர்கள் காதில் போடாதீர்கள். திட்டு வாங்குவோம் என்ற பயத்தில் மறைப்பவர்கள்தான் ஆறாவது மைனஸையும் கட்டுகிறார்கள்.

நிஜமான வீட்டு வேலை எப்படி இருக்கும் என்று தெரியாததுதான் பெரிய சிக்கல் என்று நினைக்கிறேன். என் கதையைச் சொல்கிறேன். நான்தான் தேடிப் போய் விண்ணப்பித்தேன், யாரும் என்னைத் தேடி வரவில்லை. பத்து நிமிஷ ஒலிப்பதிவு ஒன்றைக் கொடுத்துப் பரீட்சை வைத்தார்கள். முதல் இடத்தில் தேறவில்லை, இரண்டாவது இடத்தில் பதிலே இல்லை. மூன்றாவது இடத்தில் இரண்டு வாரம் கழித்து ஒப்பந்தம் அனுப்பினார்கள். என்னிடமிருந்து ஒரு காசுகூடக் கேட்கவில்லை. முதல் பணம் வேலை முடித்து முப்பது நாள் கழித்து வந்தது. தப்பு செய்தால் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். மொத்தத்தில் மெதுவானது, அலுப்பானது. கேட்காமலே வந்து, பரீட்சை இல்லாமல் சேர்த்து, அன்றைக்கே பணம் கொடுத்து, உங்களை ஆஹா என்று புகழும் வேலையைப் பார்த்தால் எனக்கு இப்போது வயிற்றைக் கலக்கும்.

அதற்கும் முன்னால் நானே ஒருமுறை மாட்டியிருக்கிறேன். தம்பிக்கு அன்றிரவுதான் முதன்முறையாகச் சொன்னேன். டேட்டா என்ட்ரி வேலை. ஒரு வாரத்தில் குறிப்பிட்ட பக்கங்களை அடிக்க வேண்டும், 98 சதவீதம் சரியாக இருக்க வேண்டும். கொடுத்த படங்கள் மங்கலாக, எழுத்துகள் வேண்டுமென்றே சிதைந்து இருந்தன. இரவெல்லாம் கண்விழித்து முடித்தேன். எட்டாம் நாள் "உங்கள் வேலை தரமாக இல்லை, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், நஷ்டஈடு கட்டுங்கள், இல்லாவிட்டால் வழக்கு" என்று போன். அடுத்த நாள் வக்கீல் என்று ஒருவர். பயந்து கட்டிவிட்டேன். இன்றைக்கு யோசித்தால், உண்மையான வக்கீல் எவரும் மாலை ஐந்து மணிக்குள் ஒரு தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்லி மிரட்ட மாட்டார். அந்தப் பயத்தைத்தான் விற்றார்கள், என் உழைப்பு அவர்களுக்குத் தேவையே இல்லை. அடித்த பக்கங்களை யாரும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பணம் கேட்காத வகையும் உண்டு, அது இன்னும் ஆபத்து. "உங்கள் வங்கிக் கணக்குக்குப் பணம் வரும், உங்கள் கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியை நாங்கள் சொல்லும் கணக்குக்கு அனுப்புங்கள்" என்பார்கள். அல்லது பார்சல் வரும், லேபிளை மாற்றி வேறு முகவரிக்கு அனுப்ப வேண்டும். வருவது இன்னொருவரிடம் திருடியது. விசாரணை வந்தால் முதலில் தட்டப்படுவது உங்கள் கதவு. கணக்கை வாடகைக்குக் கேட்டாலும் இதேதான்.

இப்போதெல்லாம் யாராவது ஒரு வேலையைப் பற்றி என்னிடம் கேட்டால் முதலில் அந்தத் தளத்தின் முகவரியை வாங்கி, இணைய முகவரிகளை ஒருங்கிணைக்கும் ஐகான் (ICANN) அமைப்பின் லுக்கப் பக்கத்தில் போட்டுப் பார்க்கிறேன். முகவரி எந்த நாளில் பதிவானது என்று பெரும்பாலும் அங்கே தெரியும். தம்பி வேலை செய்த "பன்னாட்டு நிறுவனத்தின்" முகவரி பதிவாகி பத்தொன்பது நாள்தான் ஆகியிருந்தது. பெரிய கம்பெனியின் பெயரைச் சொன்னால், அவர்கள் அனுப்பிய லிங்க்கை விட்டுவிட்டு, அந்தக் கம்பெனியின் தளத்தை நாமே தேடிப் போய் அங்கே இருக்கும் எண்ணுக்குக் கேட்க வேண்டும். படத்தில் சிரிக்கும் முகத்தை இமேஜ் சர்ச்சில் போட்டால் சில நேரம் அது வேறு யாருடைய கல்யாணப் படத்திலோ இருக்கும். இதெல்லாம் பார்த்தும் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை என்றாலும், நான் பணம் கட்ட வேண்டும் என்ற பேச்சு எந்தப் பெயரில் வந்தாலும் அங்கே எழுந்துவிடுவேன். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரப்படும் டெபாசிட், பணம் எடுக்க வரி, எதுவானாலும் சரி.

அன்றிரவு தூங்கப் போகும் முன் எல்லா உரையாடலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தோம். தம்பி ஆத்திரத்தில் அவர்களைத் திட்டி எழுதப் போனான், வேண்டாம் என்று தடுத்தேன். நல்லதாகப் போயிற்று. காலையில் வங்கிக்கும் போலீசுக்கும் புகார் கொடுத்துவிட்டுப் பார்த்தால், குழுவும் இல்லை, பயிற்சியாளரும் இல்லை, செய்திகள் எல்லாம் இரண்டு பக்கமும் அழிந்திருந்தன. எங்களிடம் இருந்த படங்கள்தான் மிச்சம். கடைசியாக அனுப்பிய தொகையில் ஒரு பகுதியை மட்டும் வங்கியால் நிறுத்த முடிந்தது. முந்தைய இரவே வங்கியின் அவசர எண்ணுக்குக் கூப்பிட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் தப்பியிருக்கலாம் என்பது எனக்கு இன்றும் உறுத்தல்.

ஒரு மாதம் கழித்து தம்பி வந்து போனை என் மேஜையில் வைத்தான். புதிதாக ஒரு செய்தி. இணைய மோசடியில் இழந்த பணத்தை மீட்டுத் தரும் நிறுவனமாம். அவன் பெயர், இழந்த தொகை, தேதி எல்லாம் சரியாகச் சொல்லியிருந்தார்கள். கோப்பைத் திறக்க மட்டும் ஒரு சின்னக் கட்டணம்.

"அதே ஆளுங்கதான், இல்லையா அக்கா?" என்றான்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புகாருடன் சேர்த்துவிட்டு, அந்த எண்ணை அவனே பிளாக் செய்தான்.