சவுலின் சால்வை: நெபி சம்வீல் முதல் பெத்சான் வரை ஒரு நாள்

பரிசுத்த தேசம் போகும் குழுக்களில் பலர் எருசலேமிலிருந்து கலிலேயாவுக்குப் போகிற நாளைப் பஸ்ஸில் தூங்கியே கழித்துவிடுகிறார்கள். அந்த ஒரே நாளில் சவுல் ராஜாவின் வாழ்க்கையை முதல் அதிகாரத்திலிருந்து கடைசி வரை மண்ணைப் பார்த்தபடியே வாசித்துவிடலாம். முந்தின இரவே 1 சாமுவேல் 9 முதல் 31 வரை ஒருமுறை படித்து வையுங்கள். ஞாயிறு முதல் வியாழனுக்குள் ஒரு நாளைத் தேர்ந்துகொண்டு காலை ஆறரைக்கே கிளம்ப வேண்டும். வெள்ளிக்கிழமை தேசியப் பூங்காக்கள் சீக்கிரம் மூடிவிடும். பாதையின் ஒரு பகுதி மேற்குக் கரை வழியாகப் போவதால், அன்றைய நிலவரத்தை வழிகாட்டியிடம் கேட்ட பிறகே புறப்பட வேண்டும்.

முதல் இடம் நெபி சம்வீல். எருசலேமுக்கு வடமேற்கே, ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் நிற்கும் குன்று. சாமுவேல் தீர்க்கதரிசியின் கல்லறை என்று யூதரும் முஸ்லிம்களும் போற்றும் இடம் இது. மேலே மசூதி, கீழே யூதரின் ஜெப இடம். தலையை மூடிக்கொண்டு போங்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் உண்டு. பிறர் ஜெபித்துக்கொண்டிருக்கும் இடத்தில் கூட்டமாகப் பாட்டுப் பாடுவது கூடாது. பாட விரும்பினால் வெளியே அகழாய்வுப் பகுதிக்கு வந்துவிடுங்கள். வேதம் சொல்வது சாமுவேல் ராமாவில் அடக்கம் பண்ணப்பட்டார் என்பதே. இந்தக் குன்றுதான் ராமாவா என்பதில் அறிஞர்கள் ஒருமனப்படவில்லை. ஆனாலும் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை. சவுலை அபிஷேகம் பண்ணியவரும், கடைசிவரை அவனுக்காகத் துக்கித்தவரும் சாமுவேல்தான்.

அங்கிருந்து சவுலின் ஊரான கிபியாவுக்கு. வடக்கு எருசலேமில் ஏறக்குறைய 840 மீட்டர் உயரமுள்ள தெல் எல்-ஃபூல் மேடுதான் அது என்பது பலரின் கருத்து. தொல்லியலாளர் ஆல்பிரைட் 1922-லும் 1933-லும் இங்கே தோண்டினார். இன்று மேலே நிற்பது யோர்தான் மன்னர் உசேனின் அரைகுறை அரண்மனை; 1967 போரோடு வேலை நின்றுபோனது. கதவு இல்லை, கூரை முழுதாக இல்லை. ஒரு ராஜாவின் ஊரில் முடிவடையாத இன்னொரு ராஜாவின் வீடு. கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் கான்கிரீட் என்பதால் கட்டடத்துக்குள் ஏறாமல் வெளியிலேயே நின்று வாசியுங்கள். கால் மணி நேரம் போதும்.

இங்கே வாசிக்க வேண்டியது 22-ஆம் அதிகாரம். கையில் ஈட்டியோடு உட்கார்ந்திருக்கும் சவுல், "எனக்காகப் பரிதாபப்பட ஒருவனும் இல்லை" என்ற பொருளில் தன் ஊழியக்காரரிடம் புலம்புகிறான். தொடக்கத்தில் தளவாடங்களுக்குள் ஒளிந்துகொண்டவன்தான் இவன். மற்றவர்கள் இவன் தோளுக்குக் கீழே நிற்கும் அளவுக்கு உயரமாக இருந்தும் தன் கண்ணுக்குச் சிறியவனாக இருந்தவன். அந்தக் கூச்சத்தைப் பலர் தாழ்மை என்று பிரசங்கிக்கிறார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. மனிதர் முகத்தைப் பார்த்துப் பயப்படும் குணம் அது. பதவி வந்த பிறகு அதே பயம் பொறாமையாகித் தாவீதின்மேலும், பெற்ற மகன் யோனத்தான்மேலும் ஈட்டியை எறிய வைத்தது. அதே அதிகாரத்தின் முடிவில் சவுலின் கட்டளையால் நோப் ஊரின் ஆசாரியர் 85 பேர் வெட்டப்படுகிறார்கள். மேட்டிலிருந்து தெற்கே தெரியும் ஸ்கோபஸ் மலைப் பக்கம்தான் நோப் இருந்தது என்று கருதுகிறார்கள்.

அடுத்தது எரிகோவை நோக்கி இறக்கம். ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் இறங்குவதால் காது அடைக்கும். கில்கால் இந்த எரிகோச் சமவெளியில்தான் இருந்தது, ஆனால் இன்ன இடம் என்று உறுதியாகக் காட்ட முடியாது. அதனால் இறங்கித் தேட வேண்டாம், பஸ்ஸிலேயே 13, 15 அதிகாரங்களை உரக்க வாசித்தால் போதும். ஏழு நாள் காத்திருக்கச் சொன்னார் சாமுவேல். சவுல் ஏழாம் நாள் வரை காத்திருந்தான், ஜனங்கள் கலைவதைப் பார்த்ததும் தானே பலி செலுத்திவிட்டான். செலுத்தி முடித்த கையோடு சாமுவேல் வந்து நிற்கிறார். அமலேக்கியரை அவர்கள் ஆடுமாடுகளோடு அழிக்கச் சொன்ன காரியத்திலும் நல்ல ஆடுமாடுகளைக் காப்பாற்றிக்கொண்டு, பலியிடத்தான் கொண்டுவந்தோம் என்கிறான். சவுல் சொல்லும் ஒவ்வொரு காரணமும் நியாயமாகத்தான் ஒலிக்கும். பாவம் என்று ஒப்புக்கொண்ட பிறகும் அவன் கேட்பது, மூப்பர்கள் முன்பாகத் தன்னைக் கனம்பண்ண வேண்டும் என்பதையே. போகத் திரும்பிய சாமுவேலின் சால்வைத் தொங்கலை அவன் பிடிக்க, அது கிழிகிறது. இந்தச் சால்வையை நினைவில் வையுங்கள், எந்தோரில் திரும்ப வரும். எங்கேதிக் குகையில் தாவீது அறுத்ததும் ஒரு சால்வைத் தொங்கலைத்தான், அங்கே அது சவுலுடையது.

அடிக்கடி நடக்கும் ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறோம். அமலேக்கியரை வென்ற பின் சவுல் தனக்கு ஜெயஸ்தம்பம் நாட்டிய கர்மேல், எபிரோனுக்குத் தெற்கே யூதாவில் உள்ள ஊர். ஹைஃபாவில் எலியாவுக்காகப் போய்ப் பார்க்கும் கர்மேல் மலை வேறு. அங்கே நின்று சவுலின் ஸ்தம்பத்தைத் தேட வேண்டாம்.

90-ஆம் எண் சாலையில் யோர்தான் பள்ளத்தாக்கு வழியாக வடக்கே வந்தால் பெத்சான். வெயில் காலத்தில் இங்கே 40 டிகிரியைத் தாண்டும். கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் ஊர் இது. ஆகவே கோடையில் பெத்சானைப் பிற்பகலுக்குத் தள்ளி வைத்துவிட்டு, முதலில் கில்போவா மலைக்கு ஏறுங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். மலை முகட்டில் ஓடும் 667-ஆம் எண் சாலையில் "கத்தேஃப் ஷாவுல்" என்ற பார்வை இடம் உண்டு. "சவுலின் தோள்" என்று பொருள். பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் போனால் ஊதா நிறக் கில்போவா ஐரிஸ் பூத்திருக்கும். பாதுகாக்கப்பட்ட பூ அது, பறிக்கக் கூடாது. சவுலும் யோனத்தானும் கில்போவாவில் செத்தபோது தாவீது பாடிய புலம்பலை வைத்து இந்த மலையில் மழையே பெய்யாது என்று சொல்பவர்கள் உண்டு. மழை பெய்கிறது, மரங்கள் வளர்ந்திருக்கின்றன. நண்பனை இழந்தவனின் அழுகையைச் சாபச் சட்டமாக்க வேண்டியதில்லை.

இந்தப் பார்வை இடத்தில் அவசரப்படாதீர்கள். கீழே யெஸ்ரயேல் சமவெளி, அதற்கு அப்பால் மோரே குன்று. குன்றின் இந்தப் பக்க அடிவாரத்தில் சூநேம், இன்றைய சூலம் கிராமம்: பெலிஸ்தரின் பாளயம். எந்தோர் இருந்ததோ குன்றின் அந்தப் பக்கம். இங்கே நின்று பார்த்தால்தான் 28-ஆம் அதிகாரத்தின் கனம் புரியும். செத்தவர்களை எழுப்பிக் குறிசொல்லும் அஞ்சனம் பார்க்கிறவர்களைத் தேசத்திலிருந்து துரத்திய அதே ராஜா வேஷம் மாறி, இரண்டே பேரைக் கூட்டிக்கொண்டு, இரவில், எதிரியின் பாளயத்தைச் சுற்றிக்கொண்டு அப்படிப்பட்ட ஒருத்தியைத் தேடிப் போகிறான். பகலெல்லாம் சாப்பிடவும் இல்லை. கில்காலில் ஒரு வார்த்தைக்காகக் கொஞ்சம் காத்திருக்க முடியாதவன், இங்கே ஒரு வார்த்தைக்காக உயிரையே பணயம் வைக்கிறான். ஏற்கெனவே இறந்துபோன சாமுவேலை எழும்பிவரப் பண்ணச் சொல்கிறான். எழும்பி வருபவர் சால்வை போர்த்தியிருக்கிறார் என்று அந்த ஸ்திரீ சொன்னதும் சாமுவேல் என்று அறிந்துகொள்கிறான்.

எந்தோரில் ஆலயமோ பலகையோ எதிர்பார்க்க வேண்டாம். குழுக்கள் வழக்கமாகப் போகும் நாயீன் ஆலயம் அதே குன்றின் வடபக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே பார்த்தால் போதும். விதவையின் மகனை இயேசு எழுப்பிய ஊருக்கு இவ்வளவு பக்கத்திலா எந்தோர் என்று பலர் திகைத்துப்போவார்கள்.

பெத்சான் பூங்காவுக்குக் கோடையில் மூன்று மணிக்கும், குளிர்காலத்தில் இரண்டு மணிக்கும் முன்பே வந்துவிடுங்கள். மூடும் நேரம் முறையே ஐந்தும் நான்கும்; கடைசி நுழைவு அதற்கு ஒரு மணி நேரம் முன்பு. இங்கே நடக்கும் பெரிய தவறு, ரோமர் காலத் தியேட்டரையும் தூண்வீதியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது. அவை சவுலுக்கு ஆயிரம் ஆண்டு பிந்தியவை. தூண்கள் சரிந்து கிடப்பது 749-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தால். சவுலின் பெத்சான் பின்னால் நிற்கும் செங்குத்தான மேடு. அதைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 1921 முதல் 1933 வரை தோண்டியது. படிகள் ஏராளம். முழங்கால் வலி உள்ளவர்களைத் தியேட்டர் நிழலில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் ஏறலாம்.

இந்த நகரத்தின் அலங்கத்தில்தான் பெலிஸ்தர் சவுலின் உடலையும் அவன் குமாரரின் உடல்களையும் தொங்கவிட்டார்கள். மேலே ஏறியதும் 31-ஆம் அதிகாரத்தை வாசித்துவிட்டுக் கிழக்கே திரும்புங்கள். யோர்தானுக்கு அப்பால் தெரிவது கீலேயாத் மலைகள். அங்கேதான் யாபேஸ். ராஜாவான புதிதில் சவுல் முதன்முதலாகக் காப்பாற்றிய ஊர் அது (11-ஆம் அதிகாரம்). வலது கண்களைப் பிடுங்குவேன் என்று எதிரி மிரட்டியும், அங்கே ஒருவர் கண்ணும் பிடுங்கப்படாமல் தப்பியது அவனால். அந்த ஊர் ஆண்கள் இரவு முழுதும் நடந்து ஆற்றைக் கடந்து வந்து, எதிரியின் சுவரிலிருந்து உடல்களை இறக்கிக்கொண்டு போனார்கள். எலும்புகளை ஒரு மரத்தடியில் அடக்கம் பண்ணிவிட்டு அவனுக்காக ஏழு நாள் உபவாசம் இருந்தார்கள்.