பினாங்கு புனித ஜார்ஜ் ஆலயத்தில் நன்றி செலுத்திய ஞாயிறு

மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுன் ஃபார்குவார் வீதியில் உள்ள புனித ஜார்ஜ் ஆலயத்தின் சீரமைப்பு 2011ஆம் ஆண்டில் நிறைவடைந்த பின்னர், பட்டர்வொர்த்தில் வசிக்கும் என் அத்தையுடன் ஃபெரியில் அக்கரை சேர்ந்து, ஞாயிறு ஆராதனையில் பங்கேற்று இறைவனுக்கு நன்றி செலுத்தினோம். சாரங்கள் நீங்கிய எண்கோணக் கூர்கோபுரம், முகப்புத் தூண்களுக்கு மேலே, காலை வெயிலில் கண் கூசும் வெண்மையுடன் நின்றது. அதை அண்ணாந்து பார்த்த அத்தை, “சென்னை கதீட்ரலுக்கு இது தங்கச்சி மாதிரி இருக்குதுப்பா” என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. 1818இல் கட்டி முடிக்கப்பட்ட இவ்வாலயத்தை வடிவமைத்தவர் ராணுவப் பொறியாளர் ராபர்ட் ஸ்மித். சென்னையின் புனித ஜார்ஜ் ஆலயத்தை 1816இல் பிரதிஷ்டை செய்த கல்கத்தா பேராயர் மிடில்டன்தான் 1819இல் இதையும் பிரதிஷ்டை செய்தார். தொடக்கத்தில் சென்னைக் கட்டடங்களைப் போலவே தட்டையாக இருந்த கூரை, பினாங்கின் மழைக்கு ஒத்துவராததால் 1864இல் சரிவுக் கூரையாக மாற்றப்பட்டது. 1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டுவீச்சில் சேதமுற்று, உள்ளிருந்த பொருள்களும் சூறையாடப்பட்ட நிலையில், 1948இல்தான் இங்கு மீண்டும் ஆராதனை நடந்தது.

ஆராதனைக்கு முன்பாகச் சுவரோரமாகச் சுற்றி வந்தோம். பழைய செங்கற்சுவர் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சி மேலேற்றும் இயல்புடையது. சுண்ணாம்புச் சாந்து பூசியிருந்தால் அவ்வீரம் காற்றில் ஆவியாகிவிடும், சிமெண்ட் பூசியிருந்தாலோ உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்து, காலப்போக்கில் செங்கல்லையே பொடியாக உதிர்த்துவிடும். பழங்கட்டடங்களைச் சீரமைப்போர் சுண்ணாம்பையே நாடுவதன் காரணம் இதுதான். கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்துச் சாந்து அரைத்த நம் ஊர்க் கொத்தனார்களுக்கு இதை யாரும் கற்பித்திருக்கத் தேவையில்லை.

வளாகத்தில், பினாங்குக் குடியேற்றத்தின் நூற்றாண்டை நினைவுகூர்ந்து 1886இல், அக்குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட்டுக்காக எழுப்பப்பட்ட நினைவு மண்டபம் இருக்கிறது. ஆலயத்தைக் கட்டிய உழைப்போ, கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவிலிருந்து நாடுகடத்திக் கொண்டுவந்த கைதிகளுடையது. சுண்ணாம்பும் செங்கலும் சுமந்து இக்கோபுரத்தை உயர்த்தியவர்களுள் ஒருவரின் பெயரையாவது தேடினேன். என் கண்ணில் எதுவும் படவில்லை. லைட்டின் மண்டபத்தைவிட அந்தப் பெயரற்றவர்களே அன்று முழுவதும் என் நினைவை ஆக்கிரமித்திருந்தனர் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆகவே, சீரமைப்பில் உழைத்தோருக்காகச் சபையார் தலைகுனிந்து மன்றாடியபோது, குற்றவாளிகள் என்று முத்திரை குத்தப்பட்டுக் கடல் கடத்தப்பட்ட அம்மனிதர்களையும் ஆண்டவருடைய சமுகத்தில் நினைத்துக்கொண்டேன். அத்தையிடம் மெல்லச் சொன்னபோது, கண்ணைத் திறக்காமலேயே தலையசைத்தார்.

கோபுரம் எழுந்து நிற்கிறது என்பதற்காக வேலை முடிந்துவிட்டதாகக் கருத முடியாது. இவ்வூரின் மழையிலும் புழுக்கத்திலும் பாசி விரைவில் படரும். சுண்ணாம்புப் பூச்சைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். புறப்படுமுன் அத்தை, தம் பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு தொகையை உறையிலிட்டு, அந்தப் பராமரிப்புக்கென்று காணிக்கைப் பெட்டியில் சேர்த்தார்.